வாத்தியார் கண்ணும் வரலட்சுமி கண்ணும்

புத்தூரில் நாகபூஷணம் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. மேப்பு வாத்தியார் என்றால் எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தால் புத்தகத்தைப் பார்க்காமலே கரும்பலகையில் இந்தியாவின் கரையோரம் முழுவதையும் ஒரே இழுப்பில் போட்டுவிடுவார். பரிசோதனைக்கு வரும் அதிகாரிகள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அப்பேர்ப்பட்ட வாத்தியாருக்குச் சிவப்பும் பச்சையும் வேறு வேறாகத் தெரியாது. இரண்டும் காய்ந்த வைக்கோல் மாதிரி ஒரே நிறமாகத்தான் இருக்கும். இது அவருடைய மனைவி செல்லியம்மா ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

செல்லியம்மா அவருடைய சொந்த அக்காவின் மகள். கல்யாணமான புதிதில், பழுத்த மிளகாயைத் தனியாகப் பொறுக்கித் தரச் சொன்னாள். அவர் பொறுக்கித் தந்ததைப் பார்த்து, புருஷன் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்பரிசோதனையில் தேறாமல் ரயில்வே வேலை போன ஒருவனை அவருக்குத் தெரியும். தன் வாத்தியார் வேலையும் அப்படிப் போய்விடும் என்று பயந்தார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது செல்லி" என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய கலர் மைப் புட்டிகள் ஒவ்வொன்றிலும் செல்லியம்மா காகிதத் துண்டை ஒட்டி நிறத்தின் பெயரை எழுதி வைத்தாள். பதினைந்து வருஷம் ஒரு தப்பும் நடக்கவில்லை.

தப்பு நடந்தது ஐம்பத்தேழாம் வருஷம். எந்தக் கிராமம் ஆந்திராவில் இருப்பது, எந்தக் கிராமம் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போவது என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். விஜயபுரம் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் ஒரு கமிட்டி வைத்து, தங்கள் ஊர்களைச் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்க்கச் சொல்லி மனு தயார் செய்தார்கள். கமிட்டிக்குத் தலைவர் செங்கல்வராயன் என்ற பெரிய விவசாயி. நாகபூஷணத்துக்கும் விஜயபுரம்தான் சொந்த ஊர் என்பதால் மேப்பு போடும் வேலை அவரிடம் வந்தது. தமிழ் பேசுகிறவர்கள் அதிகமான ஊருக்குச் சிவப்பு, தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகமான ஊருக்குப் பச்சை. ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தவன் சிட்டிபாபு.

சிட்டிபாபு விஜயபுரத்தில், கிராமக் கணக்கு எழுதும் கர்ணம் ஆபீசில் உதவிக்கு இருந்தவன். முத்து மாதிரி கையெழுத்து. அப்பா தமிழ்க்காரர், அம்மா கிருஷ்ணம்மா தெலுங்குக்காரி. நாகபூஷணத்தை "அய்யவாரே" என்று தெலுங்கில்தான் மரியாதையாகக் கூப்பிடுவான். வெயிலில் சைக்கிளை மிதித்துப் புத்தூருக்கு வந்து பட்டியலைக் கொடுத்துவிட்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனான்.

மேப்புக்குக் கலர் போட்ட அன்று செல்லியம்மா பாலசமுத்திரத்தில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். பாதி வேலையில் மை வழிந்த புட்டிகளை நாகபூஷணமே கழுவி எடுத்து வைத்ததில் இரண்டு காகிதத் துண்டுகள் ஊறிக் கழன்றுவிட்டன. மறுநாள் காலையில் மேப்பு விஜயபுரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். ஆறு ஊர்தான் பாக்கி, ஆறும் தமிழ் ஊர். ஒரு புட்டியைத் திறந்து, கடவுள் மேல் பாரத்தைப் போட்டுப் பூசிவிட்டார்.

மறுநாள் செங்கல்வராயன் வீட்டுக் கூடத்தில் மேப்பை விரித்தார்கள். முப்பது பேர் குனிந்து பார்த்தார்கள். செங்கல்வராயன்தான் முதலில் நிமிர்ந்தார்.

"இன்னா வாத்தியாரே, நம்ம ஆறு ஊரும் பச்சையாக் கீது? இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆவாதா?"

நாகபூஷணமும் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு மேப்பு முழுவதும் ஒரே மாதிரிதான் இருந்தது. அப்போது, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்த சிட்டிபாபு அவர் கண்ணில் பட்டான்.

"பட்டியல்ல இருந்தபடிதான் போட்டேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மீதியை மற்றவர்கள் சொன்னார்கள். அவன் அம்மா யார், யாரிடம் எவ்வளவு வாங்கினான், எத்தனை நாளாக இந்தத் துரோகம் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். "நான் சரியாத்தான் எழுதினேன். பட்டியலைக் கொண்டாரச் சொல்லுங்க" என்று சிட்டிபாபு கத்தினான். பட்டியல் எங்கே என்று செங்கல்வராயன் கேட்டார். "வேலை முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார் நாகபூஷணம். பட்டியல் அவர் வீட்டில் அட்லஸ் புத்தகத்துக்குள் மடித்து இருந்தது. அன்று சாயங்காலம் அதை அடுப்பில் போட்டார்.

மனு மேப்பு இல்லாமலே போனது. சிட்டிபாபுவை யாரும் அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள். கடையில் சாமான் கொடுக்கவில்லை, களத்துக்குக் கூப்பிடவில்லை. கர்ணம் ஆபீசிலும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தவன், அம்மா செத்ததும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் போய்விட்டான். நாகபூஷணம் அதற்குப் பிறகு விஜயபுரம் போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. நடந்ததைச் செல்லியம்மாவிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில், ஒரே மகள் வரலட்சுமி திருப்பதியில் பெண்கள் கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட வைக்காமல் ஆரம்பித்தாள்.

"நைனா, என் கண்ணு இன்னா கண்ணு தெரியுமா? எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுதாம்!"

தாவர இயல் வகுப்பில் ஒரு தண்டை மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயமும் பச்சைச் சாயமும் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரையச் சொல்லியிருக்கிறார்கள். வரலட்சுமி சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை தீட்டியிருக்கிறாள். லெக்சரர் தாட்சாயணி அம்மாள், கலர்ப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டிச் சோதித்திருக்கிறார்.

"பசங்களுக்குத்தான் இது ஜாஸ்தியாம். பொண்ணுங்களுக்கு வர்றது ஆயிரத்துல ரெண்டு, மூணாம். உங்க அப்பாவுக்கும் இருக்கும், கேட்டுக்கினு வான்னு மிஸ் சொன்னாங்க. உனக்கும் இருக்குதா நைனா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அடுப்படியில் செல்லியம்மாவின் கை ஓசை நின்றது. 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நாகபூஷணத்தின் மனசில் அந்த மேப்புதான் விரிந்தது.

"எனக்கா? நான் மேப்பு போடற வாத்தியார். எனக்குக் கலர் தெரியாதுன்னு எவ சொன்னா?" என்று அதட்டினார்.

வரலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் திருப்பதிக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி வந்தபோது வேறு பெண்ணாக இருந்தாள். தட்டில் போட்ட சோற்றை அளைந்தாள். அம்மா தலை வாரிவிட வந்தால் எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்லியம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாகபூஷணம் உள்ளே பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். மகள் போய் அம்மா பக்கத்தில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அடிக்க மாட்டியே?"

"இன்னாடி?"

"நான் நைனாவுக்குப் பொறந்தவதானா?"

செல்லியம்மா கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது.

வரலட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். "நைனா கண்ணு நல்லாத்தான் கீதுன்னு சொன்னதும் மிஸ் ஒண்ணும் பேசல. சரி விடுன்னு பேச்சை மாத்திட்டாங்க. நான் லைப்ரரில தேடிப் படிச்சேன். நம்ம உடம்புல இருக்கற குரோமோசோம் எல்லாம் ஜோடி ஜோடியா இருக்குமாம். ஜோடியில ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. இந்தக் கண்ணு விஷயம் எக்ஸ்னு ஒரு குரோமோசோம்ல கீது. பையனுக்கு அது ஒண்ணுதான், அம்மாகிட்டேர்ந்து வரும். பொண்ணுக்கு ரெண்டு. ஒண்ணு நல்லா இருந்தாலும் கலர் தெரியுமாம். எனக்குத் தெரியலன்னா ரெண்டுமே கெட்டது. நைனாவுக்கு இருக்கறதே ஒரு எக்ஸ்தான். அதைத்தான் பொண்ணுக்குக் குடுக்க முடியும். நைனா கண்ணு நல்ல கண்ணுன்னா, எனக்கு இதைக் குடுத்தது யாரும்மா?"

செல்லியம்மா ஈரக் கையோடு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் புருஷன் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தால் நாலு வார்த்தையில் தீர்ந்துவிடும். ஆனால் சத்தியம் பண்ணிக் கொடுத்தவள். அதோடு, இதை அவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நாகபூஷணம் ஜன்னல் ஓரம் ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

எங்கே போகிறோம் என்று யோசிக்காமல் நடந்து, ரயில் நிலையத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் கும்பிட்டார்கள். இவரும் கும்பிட்டார். பதினாறு வயசுப் பெண் பெற்ற தாயைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டது. அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து புறப்பட்டதுதான். மகள் மேல் கோபப்பட்டுப் பார்த்தார். லெக்சரர் மேல், புத்தகத்தின் மேல் கோபப்பட்டுப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. குடையை எடுத்த தன் கையை நினைத்தபோது உடம்பு கூசியது.

பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்தார். வரலட்சுமி பஸ் ஏறிப் போய்விட்டிருந்தாள். செல்லியம்மா விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னே அவளுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. நீ வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன் மாமா. கதவு சத்தம்தான் கேட்டுது."

"செல்லி..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியாததா? அவகிட்ட போ."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பதிக்குப் போனார். கல்லூரி வாசலில் பெயரைச் சொல்லி, தாட்சாயணி அம்மாளைப் பார்க்க வேண்டும் என்றார். நாற்பது வயசிருக்கும் அந்த அம்மாளுக்கு. வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி. லேபரட்டரியில் ஒரு முக்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, வரலட்சுமியைக் கூப்பிட்டனுப்பினார். மகள் வந்து மேசைக்கு அந்தப் பக்கம், அப்பாவைப் பார்க்காமல் நின்றாள்.

"அம்மா, எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. பொறந்ததுலேர்ந்து தெரியாது. பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றார் நாகபூஷணம்.

தாட்சாயணி அம்மாள் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வட்டமாகப் புள்ளிக் கூட்டம். "என்ன எண் தெரியுது?" என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றார். அடுத்த பக்கத்திலும் ஒன்றும் இல்லை. நூறு பையன்களுக்கு மார்க்குப் போடும் வாத்தியார், எட்டுப் பக்கம் புரட்டியும் ஒரு பக்கத்தில்தான் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார். அதுவும் எல்லோருக்கும் தெரியட்டும் என்று வைத்த பக்கம். வரலட்சுமி இப்போது புத்தகத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல அவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்று லெக்சரர் கேட்டார்.

"அக்கா பொண்ணு."

லெக்சரர் ஒரு காகிதத்தை எடுத்துக் கோடு போட்டார். "முட்டையிலயும் விந்திலயும் குரோமோசோம் பாதிதான் இருக்கும் சார். ஜோடியில ஏதோ ஒண்ணுதான் பிள்ளைக்குப் போகும். உங்க அம்மாவுக்கு ரெண்டு எக்ஸ்ல ஒண்ணு இப்படி. இன்னொண்ணு நல்லா இருந்ததால அவங்களுக்குக் குறை தெரியாது. அந்தக் குறையுள்ளது உங்களுக்கு வந்தது. உங்க அக்காவுக்கும் போச்சு. அக்காகிட்டேர்ந்து அவங்க பொண்ணுக்கு. அந்தப் பொண்ணையே நீங்க கட்டினீங்க. இவளுக்கு உங்க மூலமாவும் வந்தது, அவங்க அம்மா மூலமாவும் வந்தது. ரெண்டுமே உங்க அம்மாகிட்ட இருந்த அந்த ஒண்ணுதான்." பேனாவை மூடினார். "இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை சார். யாரும் கேட்டு வாங்கிக்கிட்டு வர்றது இல்லையே."

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்த அம்மாள் சொன்ன பிறகு நாகபூஷணத்தால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை. இதற்காகவா, இந்தப் புள்ளிகளுக்காகவா அத்தனையும் செய்தோம் என்று இருந்தது.

லெக்சரர் வகுப்புக்குப் போனார். அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். வரலட்சுமி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அந்த மேப்பு?"

அந்த வருஷம் அவளுக்குப் பதினாலு வயசு. சிட்டிபாபுவை ஊரே துரோகி என்று பேசியதை அவளும் கேட்டிருக்கிறாள். நாகபூஷணம் எல்லாவற்றையும் சொன்னார். புட்டியைச் சொன்னார், கூடத்தில் சொன்ன ஒற்றை வார்த்தையைச் சொன்னார், அடுப்பில் போட்ட பட்டியலையும் சொன்னார்.

"சிட்டிபாபு மாமா இப்போ எங்க கீறாரு?"

"சித்தூர்ல. கலெக்டர் கச்சேரி வாசல்ல மனு எழுதறான்னு சொன்னாங்க."

"தெரிஞ்சே வச்சுக்கினு இருந்தியா நைனா?"

அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நான் அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும். நீ போகவேண்டிய எடத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு வரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்தே சித்தூருக்கு பஸ் ஏறினார். இறங்கும்போது மணி மூன்றரை. கச்சேரிக்கு எதிரில் புளிய மரத்தடியில் நாலைந்து பேர் சின்ன மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மேசையில் சிட்டிபாபு. முப்பத்தைந்து வயசுக்குள் தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவன் பழக்கத்தில் எழுந்துவிட்டான்.

"அய்யவாரே..."

அந்த ஒரு வார்த்தை போதும், செத்துப் போகலாம் போல இருந்தது நாகபூஷணத்துக்கு. நடந்ததை நின்றபடியே சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சொல்லி முடித்ததும் சிட்டிபாபு எழுதிக்கொண்டிருந்த மனுவை ஒதுக்கி வைத்தான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், தப்பு எங்கிட்ட இல்லைன்னு. உங்ககிட்ட இருக்கும்னு மட்டும் நெனைக்கவே இல்ல. யாரோ பட்டியலை மாத்தி வெச்சுட்டாங்கன்னு மூணு வருஷமா ஒவ்வொருத்தனையா சந்தேகப்பட்டேன். உங்களைத் தவிர எல்லாரையும்." மேசையில் இருந்த தாள்களை அடுக்கினான். "எங்கம்மா செத்தப்போ தூக்கறதுக்கு நாலு பேர் வரல அய்யவாரே. புத்தூர்லேர்ந்து கூலிக்கு ஆள் கூட்டியாந்தேன். தெலுங்குக்காரின்னு பேசினாங்க. அவ பொறந்ததுலேர்ந்து அந்த ஊர்தான்."

"நான் இன்னா செய்யணும், சொல்லு சிட்டிபாபு."

சிட்டிபாபு உட்கார்ந்தான். ஒரு முழுத் தாளை எடுத்து மடித்தான். "நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன். விஜயபுரத்துல, அதே கூடத்துல, நீங்களே நின்னு படிக்கணும்."

வாத்தியார் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பட்டியலை எரித்த இடம் வந்தபோது பேனா நின்றது. "இதையும் எழுதட்டுமா?" என்று கேட்டான். எழுது என்றார். கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூலியை நீட்டினால் அது இன்னொரு அவமானம் என்று தோன்றி, சும்மா கும்பிட்டுவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்வராயன் வீட்டுக் கூடத்தில் அதைப் படித்தார். படிக்கும்போது ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் தன் தோள் துண்டை உதறிக் காட்டி, "இது இன்னா கலரு, சொல்லு வாத்தியாரே" என்றார். நாகபூஷணம் அந்தத் துண்டைப் பார்த்து, "தெரியலப்பா" என்றார். மறுபடி யாரும் சிரிக்கவில்லை. செங்கல்வராயன் மட்டும் கடைசியில் கேட்டார். "கலரு தெரியாதது சரி. வாய் இருந்துச்சே உனக்கு? நாங்க அந்தப் பொம்பளை சாவுக்குக்கூடப் போகாம கதவைச் சாத்திக்கினு இருந்தோமே."

மறுநாளே செங்கல்வராயன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனார். சிட்டிபாபு ஊர் திரும்பச் சம்மதிக்கவில்லை. அம்மாவின் திதியை மட்டும் ஊரில் வந்து செய்கிறேன் என்றானாம்.

செல்லியம்மா புருஷனோடு எப்போதும் போலப் பேசினாள், சமைத்துப் போட்டாள். ஒரு நாள் அவர், "அவளுக்கு நான் எல்லாம் சொல்லிட்டேனே செல்லி, இன்னும் கோவமா?" என்று கேட்டார். "கோவம் இல்ல மாமா. அன்னிக்கு நீ குடையை எடுத்தது மட்டும் கண்ணுலயே நிக்குது" என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

எல்லை முடிவாகிச் சில ஊர்கள் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போகவிருந்த அந்த மாசி மாதம், கிருஷ்ணம்மாவின் திதிக்கு விஜயபுரத்தில் எழுபது பேர் சாப்பிட்டார்கள். நாகபூஷணம் பந்தலுக்கு வெளியே நின்றார். உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை. கடைசிப் பந்தி உட்காரும்போது சிட்டிபாபு வெளியே வந்தான். இலையைக் காட்டி, "உக்காருங்க அய்யவாரே" என்றான். முகத்தில் சிரிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். மரியாதைக்கு நகர்ந்தார்களா, ஒட்ட வேண்டாம் என்று நகர்ந்தார்களா என்று நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.